கெர்னலில் நான் சேர்த்த நான்கு வரிகள்

மருத்துவர்கள் முன்னால் அலாரம் அடித்துக் கறுத்துப்போன அந்தச் சின்னத் திரையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை, பெருமைதான். மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்புக்கு மென்பொருள் எழுதும் காரைக்குடி அலுவலகம் எங்களுடையது. பம்பில் ஓடும் செயலிகளைக் கட்டுப்படுத்தும் ஆதார மென்பொருளான கெர்னலை நானும் அக்காவும் பார்த்துக்கொண்டோம். அவர் தேவகோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். கூட வேலை பார்ப்பவர்தான், என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா என்பேன்.

மருத்துவமனைக்குக் காட்ட வேண்டிய வாரத்தில் மருந்தின் அளவைத் திரையில் காட்டும் செயலி அடிக்கடி பாதியில் விழுந்தது. மருந்தின் அளவு நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பாயின்டர் எப்படியோ கெட்டு, இல்லாத முகவரியைக் காட்டியது. உடனே கெர்னல் செயலியை நிறுத்தும், திரை கறுக்கும், அலாரம் அடிக்கும். திரை அணையவே கூடாது என்றார் முதலாளி. நானும் பெரிய கெட்டிக்காரனாட்டம் கெர்னலில் நான்கு வரி சேர்த்தேன்: செயலி தப்பான முகவரியைத் தொட்டால் பூஜ்யத்தைக் கொடுத்து ஓடவிடு. அதன்பின் திரை அணையவில்லை. முதலாளி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அக்கா குடிக்கவில்லை. பாயின்டர் மறுபடி கெடும்வரை காத்திருந்து, பம்பின் வேகத்தை இரட்டிப்பாக்கிவிட்டு, என்னைத் திரையைப் பார்க்கச் சொன்னார். பூஜ்யம் வந்தால் பழைய எண்ணையே காட்டும்படி செயலி எழுதப்பட்டிருந்தது. மருந்து வேகமாக இறங்க, திரை பழைய அளவையே காட்டியது. என் வரிகளை அவர் அங்கேயே அழித்தார்.

மருத்துவர்களுக்குக் காட்டும் நாளில் அலாரம் அடித்துத் திரை கறுத்தது. வந்தவர்கள் போனதும் முதலாளி கத்தித் தீர்த்தார். அக்கா குரலை உயர்த்தவில்லை.

“மானம் போச்சுங்கிறீக. போகட்டும் சார். செயலி செத்தா செத்துச்சுன்னு சொல்றதுதான் கெர்னலோட வேலை. பொய் சொல்ற மிஷினை நோயாளி பக்கத்துல வைக்க விடமாட்டேன்.”

வரிகளைத் திரும்பப் போடு, இல்லையென்றால் கிளம்பு என்றார் முதலாளி. கையில் வேறு வேலை இல்லாமலே அக்கா கிளம்பினார்.

அடுத்து, அதே வரிகளைப் போடச் சொல்லி முதலாளி என்னிடம் வந்தார். முடியாது என்றேன். கெர்னல் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லாததால் பிழைத்தேன். செயலி விழும்போதெல்லாம் கெர்னல் குறித்துவைத்த முகவரியைப் பிடித்துக்கொண்டே போனதில், கோளாறின் மூலகாரணம் அன்று மாலையே கிடைத்தது. திருத்தினேன். அதன்பின் முதலாளி கூப்பிட்டும் அக்கா திரும்பி வரவில்லை. அவரை அனுப்பியதில் முதலாளி மேல் வந்த கோபம் எனக்கு ஆறவே இல்லை.

இப்போது கெர்னல் முழுக்க என் பொறுப்பு. போன மாதம் புது பம்பு ஒன்றின் திரை இப்படியே அணைந்தபோது, கொஞ்சம் சமாளித்து ஓடவிட முடியாதா என்று முதலாளி மறுபடி கேட்டார்.

“அக்காவை அனுப்புனீகல்ல சார், அதே மாதிரி என்னையும் அனுப்பிருங்க” என்றேன்.

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார். நான் கோளாறைத் தேட உட்கார்ந்தேன்.