மதினியின் கல்லும் மலைமேல் ஒரு மறைப்பும்

ஸ்கேன் அறை வாசலில் என் அண்ணன் மனைவி, எங்கள் மதினி, உட்கார்ந்திருந்த தோரணையை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. நிறையத் தண்ணீர் குடித்து அடக்கி வைக்கச் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் கால்மாற்றி நின்று நர்ஸிடம் கெஞ்ச, இவளோ பக்கத்திலிருந்தவளிடம் அவள் மகனுக்குப் பெண் பார்த்த கதையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முந்தின நாள் சூரியநெல்லி மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு "சேசுவே!" என்று சுருண்டு விழுந்தவள் இவள்தானா! உடம்புச் சூடு என்று நாங்கள் தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்ததுதான் மிச்சம்.

"இவ்ளோ நிறைஞ்சிருக்கே, முட்டலையா?" என்றார் மலையாளத்து டாக்டரம்மா.

"மலைக்கு ஏறுனா, சாயங்காலம் வீட்டுக்கு வந்துதாம்மா போவோம். அதுக்காவத் தண்ணியே குடிக்க மாட்டோம்" என்றாள் மதினி பெருமையாக.

"கல்லு வர அதுவும் ஒரு காரணமாக்கும், கேட்டோ."

சிறுநீர்க்குழாயில் சின்னக் கல். மாத்திரையோடு நன்றாகத் தண்ணீர் குடித்தால் தானே விழலாம். விழாவிட்டால் குழாய் விட்டு எடுக்க வேண்டும். விழுவதை வடிகட்டியில் பிடித்துக் கொண்டுவரவும் சொன்னார். அன்று எங்கள் வீட்டில் இருந்த ஒரே வடிகட்டி தேயிலை வடிகட்டிதான். அது மதினியோடு போனபின், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருவர்கூட எங்கள் வீட்டுத் தேநீரைத் தொடவில்லை.

ஜீப்பில் திரும்பும்போது மதினி அழுதாள். ஆபரேஷன் என்றாலே அவளுக்கு நடுக்கம். "தண்ணியக் குடிச்சிட்டு அந்த வெட்டவெளியில எங்க புள்ள போவேன்? கங்காணி நிப்பாரு. அட்டை வேற."

எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் மலையில் பெண்கள் எல்லோருமாகச் சேர்ந்தோம். இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் படங்குகளில் மிச்சமிருந்தவற்றை மரத்துக்கு மரம் கயிறு கட்டி மறைப்பாகத் தொங்கவிட்டோம். அட்டை வராமலிருக்கச் சுற்றிலும் உப்பைத் தூவினோம். "மகாராணிக்கு அரண்மனை ரெடி!" என்று ஒருத்தி கூவினாள். என்ன இது என்று கங்காணி அதட்டினார்.

"டாக்டர் எழுதிக் குடுத்த மருந்துண்ணே" என்றாள் மதினி.

சில நாளில் மிளகு அளவுகூட இல்லாத கல் ஒன்று வடிகட்டியில் விழுந்தது. "இந்தச் சனியனுக்கா அந்தக் கத்து கத்துனேன்!" என்று சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

மறுநாள் கங்காணி வந்தார். "அதான் கல்லு விழுந்துருச்சே. படங்க அவுத்துருங்க."

ஒருத்தியும் அசையவில்லை. மதினி பாட்டிலைத் திறந்து, அவர் முகத்தைப் பார்த்தபடியே மடக்மடக்கென்று குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, பாட்டிலை என்னிடம் நீட்டினாள்.

"குடி புள்ள. அடுத்து நீ."