கீழ் லயத்துக்கு மாவு கிடையாது

ஆராய்ச்சி என்பது, முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டி, அவர்களுக்கு வேண்டாத கேள்வியைக் கேட்டு, நமக்கு வேண்டிய பட்டத்தை வாங்கிக்கொள்ளும் தொழில். இதில் மாட்டிக்கொண்டு முழிக்கும் மாணவ மாணவிகளே, நானும் உங்கள் கூட்டம்தான்.

எழுபதுகளின் நடுவில் பாலக்காட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் சத்துணவு பற்றி முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பேராசிரியர் கேழ்வரகு, நிலக்கடலை, வெல்லம் எல்லாம் சேர்த்து ஒரு மாவு தயாரித்திருந்தார். அதைத் தின்றால் பிள்ளைகள் தேறுமா என்று கண்டுபிடித்துவர என்னைச் சூரியநெல்லிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்கு அனுப்பினார். பாடத்தில் 'ஒப்பீட்டுக் குழு' என்று வருமே, படித்திருப்பீர்கள். ஒரு கூட்டத்துக்குக் கொடு, அதே மாதிரி இன்னொரு கூட்டத்துக்குக் கொடுக்காதே, பிறகு இரண்டையும் எடை போட்டு வித்தியாசத்தைப் பார். புத்தகத்தில் படிக்கும்போது எவ்வளவு சுத்தமாக இருக்கிறது!

நாணயம் சுண்டினோம்

தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளை அங்கே லயம் என்பார்கள். மேட்டில் ஒரு லயம், ஓடைக்குக் கீழே ஒரு லயம். யாருக்கு மாவு என்பதை ஆராய்கிறவர் தீர்மானிக்கக் கூடாது, தற்செயல்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது முறை. எனவே எஸ்டேட் ஆபீஸ் வாசலில் எல்லோர் முன்னாலும் நாணயத்தைச் சுண்டினேன். மேல் லயம் ஜெயித்தது. கீழ் லயத்துப் பெண்களிடம், உங்கள் பிள்ளைகளையும் மாதாமாதம் எடை போடுவோம், ஆனால் மாவு கிடையாது என்று விளக்கினேன். அப்படிச் சொன்ன என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

முன்னால் நின்றவள் பேச்சியம்மாள். இடுப்பில் ராணி என்று இரண்டு வயதுப் பெண் குழந்தை. பேச்சியம்மாள் என்மேல் பாய்ந்திருந்தால் நானும் பதிலுக்குப் பாய்ந்துவிட்டு நிம்மதியாகப் போயிருப்பேன். அவள் மிக மரியாதையாகக் கேட்டாள்: "இன்னொருக்க சுண்டிப் பாருங்களேன் டீச்சர், நாங்க பொறுமையா நிக்கோம்."

ஈரத்துக்குக் கழிவு

தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது இரண்டு லயத்துப் பிள்ளைகளையும் ஒரே கொட்டகையில் ஆயாவிடம் விட்டுப்போவார்கள். அங்கேதான் என் தொங்கு தராசை மாட்டினேன். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று எஸ்டேட்டில் கழித்துவிடுவார்கள். அதனால் தராசு என்றாலே அந்தப் பெண்களுக்குச் சந்தேகம். பிள்ளையைத் தராசின் தொட்டிலில் வைத்துவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

மழை பிடித்தது. மாவு தின்ற மேல் லயத்துப் பிள்ளைகள் எடை கூடினார்கள். சரி. தின்னாத கீழ் லயத்துப் பிள்ளைகளும் கூடினார்கள். எனக்குத் தலை சுற்றியது. படிக்கல்லை மாட்டித் தராசைச் சோதித்தேன், தராசில் பழுது இல்லை. எல்லோரும் கூடும்போது ராணி மட்டும் இறங்கினாள். வயிற்றுப்போக்கு கண்டு கொட்டகைக்கே வராமல் வீட்டில் கிடந்தவளை எடைக்காக ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். கால் இரண்டும் குச்சியாகிவிட்டன. போன மாதம் முள் நின்ற இடம் பேச்சியம்மாளுக்கு நினைவிருந்தது.

"ஈரத்துக்கு ரொம்பக் கழிச்சிட்டீங்களோ டீச்சர்?" என்றாள்.

கம்பவுண்டரின் சீட்டு

ராணியைத் தூக்கிக்கொண்டு எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு ஓடினோம். டாக்டர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் கம்பவுண்டர்தான் எல்லாம். கோட்டயம் பக்கத்துக்காரர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். அவர் பிள்ளையின் கண்ணை விரித்துப் பார்த்தார், வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார், மிக்சர் மருந்தைக் குலுக்கி ஊற்றிக் கொடுத்தார். போக்கு நின்றுவிடும், ஆனால் உடம்பில் தெம்பு இல்லை, இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்றார். பேச்சியம்மாள் வெளியே போனதும் என்னை மட்டும் நிறுத்திவைத்தார்.

"மருந்து எத்தனை வேணும்னாலும் தராம் டீச்சரே. இந்தக் குட்டிக்கு வேண்டியது உங்க முறியில் சாக்கு சாக்காய் இருக்கு," என்றார். மாவு அடுக்கியிருந்த என் அறையைத்தான் சொன்னார்.

டிரங்க் கால்

ஆபீஸ் கிளார்க்கைக் கெஞ்சி எங்கள் பேராசிரியருக்கு டிரங்க் கால் என்னும் வெளியூர் போன் போட்டேன். பாதி நாள் காத்திருந்த பிறகு சார் கிடைத்தார். ஆபீஸே கேட்கும்படி கத்தினேன். கீழ் லயத்தில் ஒரே ஒரு பிள்ளைக்கு மாவு கொடுக்கிறேன் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளையை மூணாறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ, செலவை நான் ஏற்கிறேன் என்று உடனே சொன்னார். ஆனால் மாவு விஷயத்தில் மசியவில்லை. ஒரு குழுவுக்கு இல்லை என்று முடிவானால் இல்லைதான், மீறினால் என் ஒரு வருட வேலையும் குப்பை என்றார். மூணாறுக்குப் போகப் பேச்சியம்மாள் சம்மதிக்கவில்லை. அங்கே போன பிள்ளை திரும்பாது என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள்.

போனில் அவர் கடைசியாகச் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆத்திரமே அதனால்தான். "ஏம்மா, அந்தப் புள்ளைக்கு ஒரு கை மாவு குடுத்துட்டா, அப்புறம் இந்த மாவு நல்லதா கெட்டதான்னு ஊர்ல இருக்கற எந்தப் புள்ளைக்கும் சொல்ல முடியாம போயிருமில்ல?"

இரண்டு பேரும் ஒளித்தது

மறுநாள் வேலை விட்ட நேரத்தில் ஒரு பொட்டலம் மாவைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு கீழ் லயத்துக்கு இறங்கினேன். பட்டம் போனால் போகட்டும் என்று வாய்தான் சொன்னது, கண் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தது. பேச்சியம்மாள் வீட்டுக் கதவைத் தள்ளியதும் மாவு வாசனை அடித்தது. என் சால்வையிலிருந்து அல்ல, அவள் அடுப்பிலிருந்து! அவள் சட்டென்று கிண்ணத்தை முந்தானையால் மூடினாள். நானும் பொட்டலத்தை இன்னும் உள்ளே தள்ளினேன். ராணியின் உதட்டில் கூழ் ஒட்டியிருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மேல் லயத்து மரியபுஷ்பம். அவள்தான் விஷயத்தைச் சொன்னாள். வீட்டில் வைத்து ஊட்டச் சொல்லி நான் கொடுத்த மாவை, மேல் லயத்துக்காரிகள் முதல் வாரத்திலிருந்தே உருண்டை பிடித்துக் கொட்டகைக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு. ராணி கொட்டகைக்கு வராததால் அவளுக்கு மட்டும் கிடைக்கவில்லை. அது தெரிந்ததும் மரியபுஷ்பம் நேரே கொண்டுவந்துவிட்டாள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"எம் பிள்ள திங்கத இன்னொரு பிள்ள பாத்து ஏங்குச்சுன்னா, தின்னது செமிக்காதுல்லா டீச்சர்? எம் பிள்ளைக்குச் செமிக்கணும்லா?" என்றாள்.

சார் வந்தார்

நான் அனுப்பிய கீழ் லயத்து எடைகளைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, அடுத்த எடை நாளன்று சாரே ஜீப்பில் வந்து இறங்கினார். கொட்டகையில் இரண்டு லயத்துப் பெண்களும் நின்றார்கள். யாராவது கீழே மாவு கொடுத்தீர்களா என்று கேட்டார். மரியபுஷ்பம் என்னையே பார்த்தாள். சொன்னால் மாவு நின்றுபோகும், ராணியோ இப்போதுதான் எழுந்து உட்காருகிறாள். சொல்லாவிட்டால், மாவு தின்றாலும் தின்னாவிட்டாலும் ஒன்றுதான் என்று முடிவாகும், அதை நம்பி ஊரில் ஒருவரும் எந்தப் பிள்ளைக்கும் கொடுக்க மாட்டார்கள்.

"கொடுத்திருக்காங்க சார். நானும் கொடுக்கத்தான் போனேன்," என்றேன். மரியபுஷ்பம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காட்டிக்கொடுத்தவளை அப்படித்தான் பார்க்காமல் இருப்பார்கள்.

சார் ராணியை வாங்கித் தானே தொட்டிலில் வைத்தார். முள் ஆடி ஆடி, போன மாதத்தைத் தாண்டிப்போய் நின்றது. அவர் என் எடை நோட்டை வாங்கி மூடினார். என் ஒரு வருடம் அந்த இடத்தில்தான் போயிற்று. கல்லூரிக்குத் திரும்பிய பிறகு வேறு தலைப்பு எடுத்து முதலிலிருந்து தொடங்கினேன். அவர் பெண்கள் பக்கம் திரும்பினார்.

"ஆராய்ச்சி இன்னைக்கோட முடிஞ்சுதுங்க. மூட்டை இன்னும் மிச்சம் இருக்குதுங்க, ரண்டு லயத்துக்காரரும் வந்து வாங்கிட்டுப் போங்க."

ஆக மாணவர்களே, அந்த மாவு நல்ல மாவுதானா என்று எங்களால் கடைசிவரை நிரூபிக்க முடியவில்லை, ராணி தேறி எழுந்து நடந்ததைத் தவிர எங்களிடம் வேறு ஆதாரம் எதுவும் இல்லை.