எஸ்டேட் கேட்டுக்கு இந்தப் பக்கம்

அந்தப் பாதை இன்று பூட்டிக் கிடப்பதற்குக் காரணம் நான்.

சேர்வராயன் மலையில் மழை அரித்துப்போன ஒற்றையடிப் பாதையைச் செப்பனிட உதவுங்கள் என்று, கைப்பேசித் திரையில் மூச்சிரைக்கப் பேசிய ஒரு பெண்ணை நீங்கள் பார்த்திருக்கலாம். பணமும் அனுப்பியிருக்கலாம். அந்தப் பெண் நான்தான். கல்லூரி முடித்துவிட்டு, ஏற்காட்டில் அப்பாவின் மிளகுக் கடையில் உட்காரப் பிடிக்காமல், எதையாவது திருத்தியே தீருவேன் என்று அலைந்துகொண்டிருந்த காலம் அது.

மாரமங்கலம் போகிற வழியில், சரிவுக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். பஸ் சுற்றிக்கொண்டு வரும். காப்பித் தோட்டத்தின் நடுவே நடந்தால் சீக்கிரம் ஏற்காடு வந்துவிடலாம். எஸ்டேட் நிலம்தான். ஆனால் யாரும் அனுமதி கேட்டதில்லை. யாரும் தடுத்ததும் இல்லை. எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் எதிரே வந்தால் நடப்பவர்கள் ஓரமாக ஒதுங்குவார்கள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே போய்விடுவார். அவ்வளவுதான் ஏற்பாடு.

என் பள்ளித் தோழி ரோசிக்கு அந்த ஊர். அவள் அம்மா ஸ்டெல்லா, ஏற்காட்டில் ஒரு விடுதியில் சமையல் வேலை பார்த்தார். முதல் பஸ் கிளம்புவதற்கு முன்பே அங்கே அடுப்பு எரிய வேண்டும், ஆகவே நடைதான். ஒரு மழை நாளில் பாதையின் பள்ளத்தில் சறுக்கி, முழங்காலில் கட்டோடு வந்து நின்றார். அதைப் பார்த்துத்தான் நான் கிளம்பினேன். அந்த வலி உண்மை... அதை மட்டும் நம்புங்கள்.

வீடியோ எடுத்த அன்று ரோசி சொன்னாள்: "நஸ்ரீ, கல்லு போடோணும், மண்ணு போடோணும்னு மட்டும் பேசு. யாரு நெலம், யாரு பாதைன்னு இழுக்காத புள்ள. நாம கேக்காத வரைக்கும்தான் உடுவாங்க."

நான் அவள் பேச்சைக் கேட்டேனா? 'காலங்காலமாக மக்கள் நடக்கும் பொதுப்பாதை, இது அவர்கள் உரிமை' என்று முழங்கினேன். அந்தச் சொல் நாவில் எவ்வளவு இனித்தது! பார்த்தவர்கள் பகிர்ந்தார்கள். பணம் வந்தது. ரோசி திரையைப் பார்த்துவிட்டு, "நொம்ப நல்லாத்தான் பேசற. ஏதாச்சும் கட்சியில சேந்துரு" என்றாள்.

நாங்கள் கல் இறக்கப் போன அன்று, எஸ்டேட் கேட்டில் புதிய பூட்டு தொங்கியது.

இதுவரை ஊருக்குத் தெரியும். இனிச் சொல்வது யாருக்கும் தெரியாது. உங்களிடம் சொல்வது எனக்கு எளிது. நீங்கள் அந்தப் பாதையில் நடந்ததில்லை.

எஸ்டேட் மேனேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். தனியாகப் போனேன். டீ கொடுத்தார்.

"ஏனுங்கம்மா, நடக்கறவங்கள நாங்க என்னைக்காச்சும் தடுத்தோமுங்களா? உரிமைன்னு சொல்லிப்போட்டீங்க. மொதலாளி பயப்படறாரு. நாளைக்குக் கோர்ட்டுல இந்த வீடியோவத்தான காட்டுவாங்க?"

நான் சட்டம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி கண்ணு. இன்னொரு வீடியோ போடுங்க. எஸ்டேட் அனுமதியோட நடக்கறோம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நாளைக்கே பூட்ட எடுத்துடறேன். கல்லு எறக்க எங்க டிராக்டரயே தர்றேன்."

மறுத்துவிட்டு எழுந்து வந்தேன்.

கொள்கை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொள்கைதானா? உரிமை என்று முழங்கியவள் அனுமதி என்று பணிந்தால் பார்த்தவர்கள் சிரிப்பார்களே... அதுதானே முதலில் தோன்றியது? நடப்பவர்களைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். பாதை அவர்களுடையது என்று உலகத்துக்குச் சொன்ன நான், பதிலை மட்டும் என்னுடையதாக வைத்துக்கொண்டேன்.

மேனேஜரிடம் பேசினாயா என்று ரோசி கேட்டபோது, "பாக்கவே விடலடி" என்றேன்.

ஸ்டெல்லா அம்மா கொஞ்ச நாள் பஸ்ஸில் வந்து பார்த்தார். விடுதியில் தங்குபவர்களுக்குக் காலைச் சாப்பாடு நேரம் தவறிக்கொண்டே இருந்தது. விடுதியில் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள். பிறகு குடும்பமே சேலத்துக்கு இறங்கியது. வழியனுப்ப அடிவாரம் வரை கூடப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ரோசி மலையைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

உங்கள் பணத்தை நான் தின்னவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டே, கிளியூர் பக்கம் சுற்றுலா வருகிறவர்கள் நடக்கும் வேறொரு பாதைக்குச் செலவிட்டோம். கற்கள் அழகாக அமர்ந்திருக்கின்றன. அதில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

என் கால்கள் என்னவோ பூட்டிய கேட்டுக்குத்தான் போகின்றன. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரும் ரோசியை எதிர்கொண்டு பாதி தூரம் ஏறுவேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தூரத்திலிருந்தே என்னைத் திட்டிக்கொண்டு வருவாள். இப்போதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் குரலுக்காக நிற்கிறேன்... அப்பால் புல் ஏறிவிட்டது. ஆள் நடமாட்டம் நின்றதும் மண் அரிப்பும் நின்றுவிட்டது. பள்ளம் தூர்ந்து வருகிறது. இன்னும் இரண்டு மழை பெய்தால், அங்கே பாதை இருந்ததே தெரியாது.

அதே மேனேஜர்தான் இன்னமும் இருக்கிறார். என்னைப் பார்த்தால் தலையசைக்கிறார்.

போன வாரம் ரோசி போன் செய்தாள். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறாளாம். "இங்க எல்லாமே தட்டை. ஏறி எறங்காம காலு மரத்துப்போச்சு புள்ள" என்று சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. பழைய விடுதியில் மறுபடி ஆள் தேடுகிறார்களாம். அம்மா அதே பேச்சாக இருக்கிறாராம்.

"அந்த மேனேஜர நீ நேர்ல ஒருக்காப் பாத்தா என்ன நஸ்ரீ? மனுசன் எறங்கி வந்தாலும் வருவாரு."

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"வரமாட்டாருடி," என்றேன்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள் ரோசி.