வீராசாமியின் காலும் மஞ்சள் துணியும்

கான் தெ மாஸ்க் என்ற கரும்புத் தோட்ட ஊரின் மருந்தகத்தில் நான் புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸராக இருந்த காலம். காவடி விரதம் தொடங்கிய மறுநாள் வீராசாமி கட்டில்லாத காலோடு வந்து உட்கார்ந்தார். நான் சுற்றிவிட்ட பாண்டேஜ் அவர் மனைவி பாக்கியத்தின் கையில் சுருண்டிருந்தது. கணுக்கால் வீங்கிப் பளபளத்தது. மூடிவந்த புண் மறுபடி நீர்விட்டிருந்தது.

"யாரண்ணே அவிழ்த்தது?"

"நான்தான். நாலு பேர் புண்ணுல கிடந்து வெளுத்த துணி. அதோட முருகன் முன்னால நிக்கச் சொல்றியா?"

ஆஸ்பத்திரித் துணியைக் கொதிக்கவைத்துத் திரும்பக் கட்டுவோம். ஊருக்கே தெரியும்.

அறுவடை முழுவதும் கரும்பு நிறுக்கும் தராசடியில் நின்றவர் வீராசாமி. நின்றுகொண்டே இருப்பவன் காலில் இரத்தம் அடியில் தேங்கும். அதன் பாரம் குழாய்களை விரிக்கும், தோலை ஊறவைக்கும். பிறகு ஒரு கரும்புச்சோகை கீறினால் போதும், புண் மூடாது. வெளியிலிருந்து எதிர்த்து அழுத்துவதுதான் வைத்தியம், களிம்பு துணைக்கு. அடுத்த வருகையிலும் ஆறாவிட்டால் காலை எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் வருவது காவடிக்கு மறுநாள்.

"காவடியை அடுத்த வருஷம் எடுங்களேன்."

"அடுத்த வருஷம் கால் இருக்குமா? நீ தருவியா?"

பாக்கியம் குறுக்கிட்டார். "செத்த சும்மா இருங்க ரெண்டு பேரும். தம்பி, இறுக்கந்தானே வேணும்? புதுத்துணி கிழிச்சு மஞ்சள்ல முக்கித் தர்றேன். சாமி துணி. அப்புறம் எப்படி அவுக்கிறாருன்னு பாக்கிறேன்."

பாக்கியம் தந்த மஞ்சள் துணியை விரலடியில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் முழங்காலுக்குக் கீழ்வரை சுற்றினேன். பதினான்கு சுற்று. இறுக்கம் சரிதானா என்று சந்தேகம் வந்து அவிழ்த்தேன். மறுபடி சுற்றினேன், பதின்மூன்று. மீண்டும் அவிழ்த்துக் கட்டினேன்.

"சேவலைக் கட்டுற மாதிரி கட்டுறியே," என்றார் வீராசாமி.

கட்டைவிரல் நகத்தை அழுத்தி, சிவப்பு திரும்புவதைப் பார்த்த பிறகே விட்டேன். அதன்பின் தினமும் அவரை வரவழைத்துக் கட்டைச் சோதித்தேன்.

காவடியன்று அவர் பக்கத்திலேயே நடந்தேன். எல்லோரும் காவடியைப் பார்த்தார்கள், நான் காலைப் பார்த்தேன். இவ்வளவு தூரம் நடந்தால் புண் கிழிந்துவிடும் என்று பயம். கோயில் முற்றத்தில் காவடியை இறக்கியதும் குனிந்து தொட்டேன். காலையில் ஒரு விரலும் நுழையாத கட்டுக்குள் இரண்டு விரல் நுழைந்தது. கால் வீக்கம் வடிந்திருந்தது; துணியை விலக்கிப் பார்த்தால் புண்ணின் ஓரம் உலர்ந்திருந்தது. கட்டிய காலோடு நடக்கும்போது ஆடுசதை துணியை முட்டி முட்டி, தேங்கிய இரத்தத்தை மேலே தள்ளுகிறது.

மறுநாள் டாக்டர் வீக்கத்தை அழுத்திப் பார்த்தார். "கொந்தினியே மார்சே," என்றார். நடந்துகொண்டே இரு என்று அர்த்தம். காலை எடுக்கும் பேச்சை அவர் எடுக்கவில்லை.

பாக்கியம் என்னிடம் கேட்டார்: "இன்னும் எத்தனை முழம் கிழிக்கணும், தம்பி?"

இந்த வேலைக்கு வருகிறவர்கள் களிம்பைத் திறக்குமுன் நோயாளியிடம் ஒன்று கேளுங்கள்: தினம் எவ்வளவு நேரம் நிற்கிறாய்? பிறகு இன்னொன்று: எந்தத் துணியை அவிழ்க்காமல் வைத்திருப்பாய்?

அடுத்த அறுவடையில் தராசடியைக் கடக்கும்போதெல்லாம் நான் சைக்கிளை நிறுத்துவேன். வீராசாமி வேட்டியைத் தூக்கி மஞ்சளைக் காட்டிவிட்டு, தராசைச் சுற்றி நடப்பார். அவர் ஒரு சுற்று முடிக்கும்வரை நான் மிதிக்கமாட்டேன்.