தாளின் பின்பக்கம்

பெங்களூர் கன்டோன்மென்ட் மைசூர் ராஜ்யத்தோடு சேர்ந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. நான் அங்கே ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். கையில் வேகம் உண்டு, மூக்குக்கு மேல் கோபமும் உண்டு, கவனம் மட்டும் கொஞ்சம் கம்மி.

ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் புருஷன் மில் தொழிலாளி. போஸ்டர் ஒட்டிய வழக்கில் சில வாரம் ரிமாண்டில் இருந்து விடுதலையானவனை, கோர்ட் வாசலிலேயே தடுப்புக் காவலில் மறுபடி பிடித்துப் போய்விட்டார்கள். உத்தரவில் சொன்ன காரணம், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மில் கேட்டில் ஆட்களைத் தூண்டிப் பேசினானாம்.

“அந்தச் செவ்வாக்கெழம அவரு ஜெயில்ல இருந்தாரு அக்கா. அதுவுமில்லாம அவருக்குப் பேசவே வராது. கொழம்புல உப்பு இல்லன்னாகூட சொல்லாம தின்னுட்டு எழுந்துடுவாரு.”

வக்கீல் ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டார். பேச வராது என்பதையெல்லாம் ஜட்ஜ் கேட்கமாட்டார். ரிமாண்டில் இருந்ததற்கு மாஜிஸ்டிரேட் கோர்ட் ரிக்கார்டு வேண்டும். “தீர்ப்புக்கும் வாய்தாத் தாளுக்கும் சேத்து நகல் கேளும்மா” என்றார். வாய்தாத் தாளில்தான் எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று எழுதியிருக்கும். நான் அவசரத்தில் தீர்ப்புக்கு மட்டும் நகல் மனு டைப் அடித்துக் கொடுத்துவிட்டேன். அது எனக்கே தெரியாது.

பத்து நாள் அந்தக் கோர்ட்டின் நகல் பிரிவுக்கு நடந்தேன். பத்தாம் நாள்; மறுநாள் ஐகோர்ட்டில் விசாரணை. அன்றைக்கும் நகல் எழுத்தர் குனிந்து எழுதிக்கொண்டேயிருந்தார்.

“ஸ்வல்ப இரும்மா. தீர்ப்பு முடியற தாள்ல பின்னாடியும் எழுத்து இருக்கு.”

“அது எனக்கு எதுக்கு? தீர்ப்பக் குடுங்க சார்!”

“பின்னாடி இருக்கறதும் ரிக்கார்டுதானே? ஒரு எழுத்து விட்டாலும் சாஹேபரு சைன் போட மாட்டாரு.”

உங்களைப் போல நாலு பேர் இருந்தால் ஜெயிலில் இருப்பவன் அங்கேயே கிழவனாகிவிடுவான் என்று கத்தினேன். அவர் கடைசி எழுத்து வரை எழுதி, சாஹேபரிடம் கையெழுத்து வாங்கித்தான் நகலைக் கொடுத்தார்.

ஆபீசில் நகலைப் புரட்டிய வக்கீல், “வாய்தாத் தாள் எங்கே?” என்றார். நகல் மனுவில் அதை விட்டுவிட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

வக்கீல் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். காகிதத்தை மிச்சம் பிடிக்க, தீர்ப்பின் கடைசி நாலு வரியை வாய்தாத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். நான் வேண்டாமென்று கத்திய எழுத்து அதுதான். அதே செவ்வாய்க்கிழமை: கைதி ஆஜர், திங்கள் வரை ரிமாண்டு நீட்டிப்பு. வக்கீல் மேஜையை ஓங்கித் தட்டினார். நான் அழுதுவிட்டேன்.

மறுநாளே விடுதலை உத்தரவானது. ஜெயில் வாசலில் மில் நண்பர்கள் அவனுக்கு மாலை போட்டு, ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவன் கும்பிட்டான். வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி கும்பிட்டான். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

“இதத்தானே அக்கா பத்து நாளா சொல்லினு இருந்தேன்!”