பாவம் என்றால் சின்

திங்கட்கிழமை எங்கள் ஆஸ்பத்திரியில் நடந்தது இதுதான்:

1. காலையில் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருவர் கையில் வேதப்புத்தகம், இன்னொருவர் கையில் ஒரு பெட்டி சாக்கட்டி.
2. தேனிப் பஞ்சாலைக்கு வெளியூரிலிருந்து வந்திருக்கும் ஆட்களுக்கு ஞாயிறு மத்தியானம் இங்கிலீஷ் சொல்லித்தர வேண்டும், வராந்தாவைத் தருவீர்களா என்று கேட்டார்கள். காசு வாங்காத ஊழியம் என்றார்கள்.
3. டாக்டர், "கம்பவுண்டர் அம்மாவைக் கேளுங்க" என்று என் பக்கம் கை காட்டினார்.
4. நான் வேண்டாம் என்றேன்.
5. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியாது. நானும் சபைப் பிள்ளைதான். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனால் அந்தப் பெட்டியிலிருந்து சாக்கட்டித் தூள் மூக்கில் ஏறியதும் கூடவே ஏலக்காய் வாசனையும் வந்துவிட்டது. எனக்கு அவை இரண்டும் ஒரே அறையைச் சேர்ந்தவை.

அந்த அறை கூடலூரில், எங்கள் தேவாலயத்தை ஒட்டி இருந்தது. எதிரே ஒரு வெள்ளைக்காரத் துரையின் ஏலக்காய் ஸ்டோர். மலைத் தோட்டத்திலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் காயை அங்கே தரம் பிரிப்பார்கள். பிரிக்கிற பெண்கள், மூட்டை தூக்குகிற ஆண்கள் எல்லோரும் மழை பொய்த்த கிழக்குச் சீமையிலிருந்து கங்காணி கூட்டிவந்த ஆட்கள். ஸ்டோருக்குப் பின்னால் இருந்த கூரை லயத்தில் குடியிருந்தார்கள். ஞாயிறு மத்தியானம் அவர்கள் இங்கிலீஷ் படிக்க வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் எங்கள் அறை பாயசம் வைத்த வீடு மாதிரி மணக்கும். எனக்குப் பசி எடுத்துவிடும். பாடத்தில் என் கவனம் எப்படி இருந்தது என்பதற்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாடம் எடுத்தவர் என் அத்தை, அப்பாவின் தங்கை. டீச்சர் டிரெயினிங் முடித்தவர். அன்பானவர், ஆனால் எந்த அன்பையும் நோட்டில் எழுதிவைக்கிறவர். எனக்குப் பதின்மூன்று வயது. கரும்பலகையிலும் என் நோட்டிலும் பட்டியல் எழுதுவது என் வேலை: இடது பக்கம் தமிழ், வலது பக்கம் இங்கிலீஷ், நடுவில் அளவுகோல் வைத்து ஒரு கோடு. தேவன், ஆடு, மேய்ப்பன், பாவம், பாவி, காணாமற்போனவன். எல்லாம் அத்தை வேதத்திலிருந்து பொறுக்கிக் கொடுத்த சொற்கள். ஆறு வாரத்தில் அவர்களுக்கு ஷெப்பர்டு தெரிந்துவிட்டது. காய்ச்சல் என்று சொல்லத் தெரியவில்லை.

யாரும் யாரையும் நம்பாத வகுப்பு அது. முதல் நாள் அத்தை நோட்டைத் திறந்ததுமே ஒருவர் கேட்டார்.

"பேரு எதுக்கு டீச்சரம்மா எழுதுறீக?"

"வந்தவங்க யாருன்னு தெரியத்தான்."

வந்த ஏழு ஆண்களும் வரிசையாகக் கருப்பன் என்று சொன்னார்கள்.

"ஏழு பேருமா கருப்பன்?"

"எங்க ஊரு சாமி டீச்சரம்மா. எதுவும் கேக்கணும்னா அவரைக் கேட்டுக்கிருங்க."

கங்காணி ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் வந்து நிற்பார். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "இன்னைக்கு ஏ பி சி டி, நாளைக்குத் தலையில தண்ணி. பாத்துக்கங்கப்பு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், அத்தையைத் தவிர. கங்காணிக்கு மதம் பற்றிக் கவலை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. துரைக்குத் தமிழ் அரைகுறை. ஆட்கள் சொல்வதைத் துரைக்கும், துரை சொல்வதை ஆட்களுக்கும் சொல்கிற ஒரே வாய் அவருடையது. இன்னொரு வாய் முளைப்பதை அவர் எப்படி விரும்புவார்?

நானும் சும்மா இருக்கவில்லை. அத்தை மதுரை மிஷனுக்கு மாதாமாதம் அனுப்பும் அறிக்கையை ஒருநாள் திருட்டுத்தனமாகப் படித்துவிட்டேன். 'இங்கிலீஷ் கற்போர்' என்று இருக்கும் என நினைத்த இடத்தில் 'சத்தியத்தை விசாரிப்போர்' என்று இருந்தது. கீழே ஏழு கருப்பன்கள். கங்காணி சொல்வதில் பாதி சரிதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. அத்தையிடம் கேட்கவில்லை. பட்டியலை மட்டும் ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்தேன்.

வகுப்பில் கெட்டிக்காரி முத்துக்கருப்பி. இருபது வயது இருக்கும். உண்மையான பெயரைக் கொடுத்த ஒரே ஆள். அவள் புருஷன் சோணை மூட்டை தூக்குகிறவன், அதிகம் பேசாதவன்.

ஒரு வெள்ளிக்கிழமை சோணை வீட்டுக் கூரைக்குள் ஏலக்காய் முடிச்சு ஒன்று அகப்பட்டது. கண்டெடுத்தவர் கங்காணி. மறுநாள் துரை வந்து விசாரிப்பார் என்று ஆனது. திருட்டு என்று முடிவானால் ஸ்டோரைவிட்டுத் துரத்துவார்கள். பெயர் மலையில் எல்லாத் தோட்டத்துக்கும் போய்விடும். பிறகு எங்கேயும் வேலை கிடைக்காது. அன்று சாயங்காலம் முத்துக்கருப்பி எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்து நின்றாள். அத்தை வீட்டில் இல்லை.

"தாயி, ஒரே ஒரு வார்த்தை சொல்லிக்குடு. எம்புருசன் பாவம்னு தொரைகிட்ட நானே சொல்லணும்."

"கங்காணி சொல்ல மாட்டாரா?"

"அந்தாளு அவருக்குத் தோதாவுல்ல சொல்லுவாரு. முடிச்சு அங்கன எப்படி வந்துச்சுன்னு அவரைத்தான் கேக்கணும்."

பட்டியலைப் பார்க்கக்கூடத் தேவைப்படவில்லை எனக்கு. பாவம் என்றால் சின். ஆளைச் சொல்வதானால் சின்னர். மை ஹஸ்பண்ட் இஸ் எ சின்னர். பத்துத் தடவை சொல்ல வைத்தேன். பதினொன்றாவது தடவை அவளே அழகாகச் சொன்னாள். "ரொம்பப் பாவம்னா?" என்று கேட்டாள். வெரி போட்டுக்கொள் என்றேன்.

சனிக்கிழமை நானும் ஸ்டோருக்குப் போனேன். என் வாக்கியத்தைத் துரை முன்னால் ஒருவர் பேசப்போவதைக் கேட்க ஆசை. அதை மறைத்துப் பயன் இல்லை.

துரை நாற்காலியில் இருந்தார். சோணை தலையைக் குனிந்து நின்றான். கங்காணி நீளமாக ஏதோ சொல்லி முடித்ததும் முத்துக்கருப்பி முன்னால் வந்தாள்.

"சார், மை ஹஸ்பண்ட் இஸ் எ சின்னர்."

துரை பேனாவை வைத்தார். "யுவர் ஹஸ்பண்ட்?"

"எஸ் சார். வெரி சின்னர்."

துரை மெதுவாகத் தலையாட்டினார். அவர் இரக்கப்பட்டுவிட்டார் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தேங்க் யூ சார்" என்று கும்பிட்டாள்.

கங்காணிக்கு இரண்டு மொழியும் தெரியும். அவள் சொல்ல வந்தது என்ன என்று அந்த இடத்தில் அவரைவிட நன்றாகப் புரிந்தவர் இல்லை. அவர் சோணை பக்கம் திரும்பினார்.

"ஏலே சோணை, ஒம்பொண்டாட்டியே நீ தப்புப் பண்ணவன்னு சொல்லிட்டாளேடா. இனி நான் என்னத்தச் சொல்ல?"

சோணை அவளைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள். "தாயி, நான் அப்படியா சொன்னேன்?"

தேவாலயத் தெருவில் அன்றைக்கு என்னைவிட இங்கிலீஷ் தெரிந்த பிள்ளை கிடையாது. நோ சார் என்று ஆரம்பித்திருந்தால் போதும். என் வாய் திறக்கவில்லை. அதற்குள் துரை எழுதி முடித்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் அவர்கள் லயத்தைக் காலிசெய்ய வேண்டும் என்று உத்தரவு.

அத்தையிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் பட்டியலை வாங்கி மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"நீ சரியாத்தானம்மா எழுதிருக்க. பாவம்னா சின்தான்."

"அவுக இரக்கப்படச் சொன்னாக அத்தை. ஐயோ பாவம்னு சொல்ல வந்தாக."

அத்தை நோட்டை மூடினார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டோருக்குப் போனார். துரை குமுளிக்குக் கார் ஏறிவிட்டிருந்தார். கம்பம் பாதையில் பானை சட்டியோடு இருவர் போனதாகக் கடைக்காரர் சொன்னார். அவன் முன்னால், அவள் ரொம்பத் தூரம் பின்னால்.

அடுத்த ஞாயிறு ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை.

முடிச்சைக் கூரைக்குள் செருகியது கங்காணிதான் என்று நான் இன்றும் சந்தேகப்படுகிறேன். அத்தாட்சி கிடையாது. ஆனால் வாக்கியம் யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை.

இப்போது நிலைமை இது. யுத்தம் தொடங்கியதும் துரை ஸ்டோரை விற்றுவிட்டுப் போனார். வாங்கியவர் இடித்துவிட்டு வாழை போட்டிருக்கிறார். லயம் இருந்த இடம் தெரியவில்லை. கங்காணி மலைக்காய்ச்சலில் இறந்தார். அத்தை கல்யாணமாகிக் கெங்குவார்பட்டியில் இருக்கிறார், இங்கிலீஷ் சொல்லித்தருவதில்லை. கிழக்கேயிருந்து யார் மருந்துக்கு வந்தாலும் முத்துக்கருப்பி, சோணை என்று இரண்டு பெயரைச் சொல்லி விசாரிக்கிறேன். இதுவரை யாரும் தெரியும் என்று சொல்லவில்லை.