ஒரு ஸ்டிக்கரும் நாற்பது ஃபாயில் கார்டுகளும்

1. நான் "சரி" என்றேன்

"அக்கா, கார்டு சேர்க்கலாம்னு இருக்கறனுங்க. கையில காசு கம்மி. எதுல ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்டு என் கடைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது என்னுடைய தப்பைத்தான்.

நெசவு ஊரான இளம்பிள்ளையில் பதினெட்டு வருடம் புடவை செக்கிங் செய்தவள் நான். பிக் கிளாஸ் என்கிற சின்ன லென்ஸை வைத்து இழை பார்க்க வேண்டும். டேமேஜ் உள்ள இடத்தில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். முதுகுவலி வந்ததும் வேலையை விட்டு, சங்ககிரியில் ஸ்டேஷனரி கடை வைத்தேன். பாக்கெட்டில் வரும் படம் போட்ட டிரேடிங் கார்டும் விற்கிறேன். ஞாயிறு மதியம் சேகரிப்பவர்கள் கடையில் கூடி மாற்றிக்கொள்வார்கள்.

அவர்களில் செல்வராசு ரிக் வண்டி டிரைவர். போர்வெல் போட வடக்கே போனால் ஊர் திரும்ப மூன்று நான்கு மாதமாகும். சம்பளம் வந்தால் அங்கே கிடைக்கிற கடையில் ஒரே ஒரு பாக்கெட் வாங்குவார். அப்படி இரண்டு வருடத்தில் மினுமினுக்கும் ஃபாயில் கார்டு நாற்பது சேர்ந்திருந்தது. அதுபோக, பாம்புப் படங்கள் வரும் நாகம் செட்டைத் தனியாகச் சேர்த்தார். அதில் தங்க நாகம் மட்டும்தான் பாக்கி.

அதை ஒரு ஞாயிறு ஈரோட்டுக்காரர் ஒருவர் கொண்டுவந்தார். கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் பளபளவென்று இருந்தது.

"நாப்பதையும் குடுங்க சாமி, இது உங்களுதுங்க" என்றார்.

செல்வராசு அதை என்னிடம் நீட்டினார். "அக்கா, நீங்க ஒருக்கா பாத்துச் சொல்லுங்க. நாலு மணிக்கு வண்டி ராய்ப்பூர் கிளம்புது."

அப்போதே மணி மூன்றேகால். உறையின் மேலேயே என் பழைய லென்ஸை வைத்துப் பார்த்தேன். அச்சுப் புள்ளிகள் தெளிவாக இருந்தன. போலிக் கார்டில் அவை கலங்கித் தெரியும்.

"ஒரிஜினல்தான், சரி" என்றேன்.

2. உறையின் முதுகு

ஈரோட்டுக்காரர் செல்வராசுவின் நாற்பது கார்டுகளையும் எடுத்துப் பைக்குள் வைத்தார். தங்க நாகத்தை மேசைமேல் நகர்த்தியபோது உறை புரண்டது. பின்பக்கம், கீழ் மூலையில், ஒரு விலை ஸ்டிக்கர்.

விலை ஸ்டிக்கரை நடுவில் ஒட்டலாம், மேலே ஒட்டலாம். மூலையில் சாய்த்து ஒட்ட என்ன அவசியம்? பதினெட்டு வருடம் ஸ்டிக்கரைக் கண்டால் அதன் அடியில் டேமேஜ் தேடிய கண் என்னுடையது. ஆனால் வெறும் ஸ்டிக்கரை வைத்து ஒருவரைத் திருடன் என்று சொல்ல முடியுமா?

"பையை மூடாதீங்க. அந்த ஸ்டிக்கரை எடுங்க."

"ஏனுங்க, நீங்கதானுங்க சரின்னீங்க? நாலு பேரு முன்னால இப்படிப் பேசலாமுங்களா? உள்ள ஒண்ணுமில்லைன்னா?"

கடையே என்னைப் பார்த்தது. செல்வராசுவின் போன் அடித்தது, ரிக் மேனேஜர். அவர் எடுக்கவில்லை.

"ஒண்ணுமில்லைன்னா என் ஷோகேஸ்ல எந்தக் கார்டு வேணுமோ எடுத்துக்குங்க" என்றேன். புத்திக்கு முன்னால் வாய் போய்விட்டது. நகத்தால் சுரண்டும்போது பாதியில் ஸ்டிக்கர் கிழிந்தது. மீதியையும் உரித்தேன்.

அடியில் வெள்ளையாக ஒரு மடிப்புக் கோடு. முன்பக்கம் வரை வராத கோடு.

"சின்ன மடிப்புதானுங்க..." என்று ஈரோட்டுக்காரர் இழுத்தார்.

நான் அவரைத் திட்ட வாயெடுத்தேன். செல்வராசு அவரைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். "நீங்க சரின்னு சொன்னீங்கன்னுதானுங்க அக்கா நான் திருப்பியே பாக்கலை" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாலித்தீனைப் பிரிக்காமல் ஒரு புடவையைக்கூட நான் பாஸ் பண்ணியதில்லை. இந்த மனுஷனின் இரண்டு வருடத்தை உறையோடு பாஸ் பண்ணியிருக்கிறேன்.

3. ஆறு கார்டு

நாற்பதும் மேசைக்குத் திரும்பின. செல்வராசு கிளம்புவார் என்று நினைத்தேன். அவர் ஈரோட்டுக்காரரிடம் திரும்பினார்.

"மடிஞ்ச கார்டுன்னு சொல்லியே குடுத்தா எத்தனைக்குங்க குடுப்பீங்க?"

அவர் பத்து கேட்டார். ஆறில் முடிந்தது, அந்த ஆறும் செல்வராசுவிடம் இரண்டிரண்டாக இருந்தவை. டேமேஜ் புடவையை டேமேஜ் என்று சொல்லி விற்றால் வாங்கிக் கட்டுகிறவர்கள் சந்தோஷமாகத்தான் கட்டுகிறார்கள். காசு குறைவாக வைத்திருப்பவர்களுக்குக் கார்டிலும் அதுதான் வழி. பாக்கெட்டாக வாங்கிக் குவிக்காதீர்கள். வேண்டிய கார்டை ஒற்றையாகத் தேடுங்கள். மடிப்பு, கீறல் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். இரட்டையாக இருப்பதை மட்டும் மாற்றுக்குக் கொடுங்கள். தயவுசெய்து லேமினேஷன் செய்துவிடாதீர்கள், கார்டின் மதிப்பே போய்விடும்.

ஆனால் இதெல்லாம் இரண்டாவது பாடம்.

மணி நாலாக ஐந்து நிமிடம். மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். "வாரனுங்க, அஞ்சே நிமிசம்" என்று சொல்லிவிட்டு, செல்வராசு என் கையிலிருந்து லென்ஸை வாங்கினார். கார்டை உறையிலிருந்து உருவினார். முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலை, நான்கு ஓரம் என்று பொறுமையாகப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"இப்பத்தானுங்க அக்கா சரி" என்றார்.

அன்றிலிருந்து என் கவுண்டரில் கார்டு வாங்குகிறவர் பக்கம்தான் லென்ஸை வைத்திருக்கிறேன். நானே சரி என்று சொன்னாலும், திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.